சாகசப் பயணம் தொடரட்டும்; அவசரகாலத் திட்டம் பெற்றோர் கைக்கும் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம். பள்ளிப் பிள்ளைகளின் வெளிநாட்டுச் சாகசப் பயணங்கள் இனித் தேவையா என்று கேட்ட உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். தேவை என்றே நினைக்கிறேன். 2015 ஜூன் 5ஆம் தேதி காலை மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள கினபாலு மலையை நிலநடுக்கம் உலுக்கியது. அங்கே பயணம் போயிருந்த நம் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளிக் குழுவில் 7 மாணவர்கள், 2 ஆசிரியர்கள், ஒரு வழிகாட்டி என 10 பேரை இழந்தோம். சிங்கப்பூர் முழுவதும் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்த அந்த ஜூன் 8ஐ எந்தப் பெற்றோராலும் மறக்க முடியாது. ஆனால் நிலநடுக்கத்தை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதைக் காட்டி எல்லாப் பயணத்தையும் நிறுத்தினால், மலையும் காடும் தரும் துணிச்சலைப் பிள்ளைகள் வேறு எங்கே கற்பார்கள்?

நம்மால் சரிசெய்ய முடிந்தது வேறு. என் மகள் போன பயணத்துக்கு முன்பு பள்ளியில் விளக்கக்கூட்டம் நடந்தது. காலணி, மழைச்சட்டை, கட்டணம் எல்லாம் விரிவாகச் சொன்னார்கள். ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் கீழே கொண்டுவர எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒரு தாய் கேட்டார். சரியான பதில் வரவில்லை. அருகிலுள்ள மருத்துவமனை, இறங்கும் வழி, வழிகாட்டிகளின் முதலுதவிப் பயிற்சி, பாதியில் திரும்ப முடிவெடுக்கும் பொறுப்பாளர் ஆகிய விவரங்களை ஒரே பக்கத்தில் எழுதி, சம்மதப் படிவத்துடன் தருவதைக் கல்வி அமைச்சு கட்டாயமாக்க வேண்டும்.

- ஒரு மாணவியின் தந்தை, சிங்கப்பூர்