ஒளி படுவது தாடையில் அல்ல, ஸ்க்ரூவில்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் புற ஊதா ஒளியும் பல் இம்ப்ளான்ட்டும் (போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் இறக்கும் டைட்டானியம் ஸ்க்ரூ) பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு அம்மா என் கிளினிக்குக்கு வந்து, "எனக்கும் தாடையில அந்த லைட்டை அடிச்சு விடுங்க டாக்டர், எலும்பு சீக்கிரம் வளருமாமே" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கட்டுரை அப்படித்தான் புரியும்படி இருந்தது. அந்த ஒளி நோயாளி மேல் படுவதே இல்லை, படவும் கூடாது, கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல். (பல் அடைக்கும்போது நாங்கள் காட்டும் நீல விளக்கு வேறு சமாச்சாரம்.) டைட்டானியம் ஸ்க்ரூவை எலும்பில் இறக்குவதற்குச் சற்று முன்பு, ஒரு பெட்டிக்குள் வைத்து அதன் மேல்தான் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள்.

காரணம், டைட்டானியத்துக்கும் வயசாகும். தயாரித்த புதிதில் அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அப்படியே பரவும். சில வாரங்கள் போனால் காற்றில் உள்ள கார்பன் சேர்மங்கள் படிந்து, சொட்டு பரவாமல் உருண்டு நிற்கும், எலும்பு செல்களும் முன்போல ஒட்டுவதில்லை. கிருமி நீக்கி சீல் வைத்த டப்பாவுக்குள் இருந்தாலும் இதுதான் கதி. டப்பாவில் அச்சிட்ட காலாவதித் தேதியை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. புற ஊதா ஒளி அந்தப் படிவை நீக்கி, பரப்பை மறுபடி தண்ணீர் பரவும் நிலைக்குக் கொண்டுவருகிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தகாஹிரோ ஒகாவாவின் குழு இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. 2009இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒளி பட்ட இம்ப்ளான்ட்டின் பரப்பில் 98 சதவீதம் வரை எலும்பு தொட்டிருந்தது, ஒளி படாததில் 55 சதவீதம்கூட இல்லை.

கேட்க அருமையாக இருக்கிறது, ஆனால் அது எலியின் எலும்பு. உங்கள் கட்டுரை 98ஐப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு எலியை விட்டுவிட்டது! மனிதர்களிடம் 2013இல் வந்த ஒப்பீட்டில், ஒளி பட்டவை 97.6 சதவீதம் வெற்றி, படாதவை 96.3. பெரிய வித்தியாசமில்லை. ஸ்க்ரூ மேல் கேப் (செயற்கைப் பல்) மாட்டும் வரை காத்திருக்கும் காலம் மட்டும் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது மூன்று மாதம் சொச்சத்துக்கு வந்ததாகச் சொல்கிறார்கள், அதுவும் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்த சோதனை அல்ல, பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தது. எப்போது கேப் மாட்டலாம் என்று முடிவு செய்வது மருத்துவர்தானே, அவருக்கு எதில் ஒளி பட்டிருக்கிறது என்று தெரிந்திருந்தால் அந்த முடிவிலும் நம்பிக்கை கலந்துவிடும்.

சரி, அப்போ வேண்டாமா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். எலும்பு மெலிந்த இடத்தில் உதவலாம், அடிப்படை விஞ்ஞானம் திடமானது. ஆனால் ஸ்வீடனில் இந்த இம்ப்ளான்ட்டுக்கு முன்னோடியான மருத்துவர் பிரானெமார்க் 1965இல் டைட்டானியம் வைத்த முதல் நோயாளி, எந்தப் புற ஊதாவும் இல்லாமல், 2006இல் இறக்கும் வரை அந்தப் பற்களோடுதான் இருந்தார். சிகரெட்டை விடாமல், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காமல் வருகிறவருக்கு ஸ்க்ரூவில் எந்த ஒளியைப் பாய்ச்சி என்ன?

இம்ப்ளான்ட்டுக்கு 'யூவி' (புற ஊதா) என்று தனியாகப் பணம் கேட்டால், ஸ்க்ரூ எப்போது தயாரானது, ஒளி பட்டு எவ்வளவு நேரத்தில் எலும்பில் இறக்குவார்கள் என்று வாசகர்கள் கேட்கட்டும். உங்களிடம் நான் கேட்பது ஒரு சின்னத் திருத்தம்: அந்த 98 சதவீதம் எலியிடம் கிடைத்தது என்று அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர், திருச்சி