பாலிசியை விற்கும்போதே முடிவைச் சொல்லுங்கள்: பயணக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பயணக் காப்பீட்டு நிறுவனங்களை நடத்துவோருக்கும் பாலிசி விதிகளை வகுப்போருக்கும்,

வணக்கம்.

ரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் மாத்திரை சாப்பிடுகிற ஒருவன் என்ற முறையில், சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதய நோய் போன்றவற்றோடு பயணம் செய்யும் எல்லோர் சார்பாகவும் இம்மடலை எழுதுகிறேன். எங்களிடம் நீங்கள் கூடுதல் பிரீமியம் கேட்பதை நான் குறை கூறவில்லை. ஆபத்து கூடினால் கட்டணமும் கூடும் என்பது காப்பீட்டின் அடிப்படை. அதைச் செலுத்த எங்களில் பலர் தயாராகவே இருக்கிறோம். பணத்தை வாங்கும்போது எங்கள் உடல்நிலையை மேலோட்டமாகக் கேட்டுவிட்டு, வெளிநாட்டு மருத்துவமனையில் நாங்கள் படுத்திருக்கும்போது பழைய மருத்துவக் குறிப்புகளைத் தோண்டி எடுத்து ஆராய்கிறீர்களே, அதுதான் என் குறை.

நோய் நிலையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையே எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கோ பாலிசி வாங்குவதற்கோ முந்தைய 60, 90 அல்லது 180 நாட்களில் நோயிலோ மருந்திலோ மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது என்று பல பாலிசிகள் சொல்கின்றன. அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையை 10 மில்லிகிராம் அளவில் சாப்பிட்டுவந்த ஒருவருக்கு, உப்பைக் குறைத்து நடைப்பயிற்சி செய்ததில் அழுத்தம் கட்டுக்குள் வந்துவிட, மருத்துவர் மாத்திரையை 5 மில்லிகிராமாகக் குறைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்பைவிட நலமாக இருக்கிறார். ஆனால் மருந்தளவு மாறினாலே நிலை மாறிவிட்டது என்று கொள்ளும் பாலிசியில், குறைத்ததும் கூட்டியதும் ஒன்றுதான்; அவருடைய கிளைம் நிராகரிக்கப்படலாம். இதை அறிந்தவர் என்ன செய்வார்? பயணம் முடியும்வரை மருத்துவரிடம் போவதையே தள்ளிப்போடுவார். நோயாளியை மருத்துவரிடமிருந்து விலகி நிற்கத் தூண்டும் ஒரு விதியால் உங்களுக்கும் ஆதாயம் இல்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, ஏற்கெனவே உள்ள நோயோடு நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்புடைய எதற்கும் இழப்பீடு கிடையாது என்ற விலக்கு. சர்க்கரை நோயாளி ஒருவர் ஈரமான படிக்கட்டில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால், அது படிக்கட்டின் ஈரத்தால் நேர்ந்ததா, சர்க்கரை குறைந்து தலை சுற்றியதால் நேர்ந்ததா என்று வாதிட இந்த ஒரு வரி இடம் கொடுத்துவிடுகிறது. அறுவை சிகிச்சைக்கு முன்பணம் கேட்டு நிற்கும் குடும்பத்தால் அந்த வாதத்தை அங்கிருந்தபடி நடத்த முடியாது.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, விசா தேவைப்படும் நாட்டினர் பொதுவாகக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். அந்தத் தொகையைக் காட்டும் பாலிசியைக் கையில் வைத்திருப்பவர், தன் இதய நோய் அதில் விலக்கப்பட்டிருப்பதை அறியாமலே விமானம் ஏறக்கூடும். சான்றிதழின் முதல் பக்கத்தில் தொகை பெரிய எழுத்தில் இருக்கிறது; விலக்கோ பல பக்கங்கள் தள்ளி, பொடி எழுத்தில் கிடக்கிறது.

மாற்ற முடியாத நடைமுறை அல்ல இது. பிரிட்டனில் 2012ஆம் ஆண்டுச் சட்டம், கேட்கப்படாத தகவல்களையும் நுகர்வோர் தாமாகவே முன்வந்து சொல்ல வேண்டும் என்ற பழைய கடமையை நீக்கி, கேட்ட கேள்விகளுக்குக் கவனத்தோடு உண்மையாகப் பதில் சொன்னால் போதும் என்றாக்கியது. நோயின் காரணமாக ஒருவருக்குக் காப்பீடு மறுக்கப்பட்டால், அத்தகையோருக்குக் காப்பீடு தரும் நிறுவனங்களின் பட்டியலை அவருக்குக் காட்ட வேண்டும் என்ற விதியும் 2021 ஏப்ரல் முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது.

எனவே உங்களிடம் கேட்பது இதுதான். விண்ணப்பத்தில் "ஏதேனும் நோய் உண்டா" என்ற ஒற்றைக் கேள்வியோடு நிறுத்தாமல், நோய்வாரியாகத் தெளிவாகக் கேளுங்கள். கேட்டபின், எந்த நோய்க்குக் காப்பீடு உண்டு, எதற்கு இல்லை, கூடுதல் பிரீமியம் எவ்வளவு என்பதைப் பணம் வாங்கும் முன்பே, எங்கள் பெயரிட்ட சான்றிதழிலேயே எழுதிக் கொடுங்கள். மருத்துவர் மருந்தைக் குறைத்ததை நோய் முற்றியதாகக் கணக்கில் கொள்ளாதீர்கள். தொடர்புடைய நோய் என்று சொல்லி மறுத்தால், அந்தத் தொடர்பை மருத்துவச் சான்றோடு நிறுவும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். காப்பீடு தர இயலாது என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்; வேறு நிறுவனத்தை நாடவோ, பயணத்தையே தள்ளிப்போடவோ எங்களுக்கு அவகாசம் இருக்கும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்று காரணத்தோடு பொதுவில் பதிலளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பாலிசிதாரர்களில் ஒருவன்