பிள்ளைகள் பேசத்தான் செய்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'இந்தக் காலத்துப் பிள்ளைகள் கைப்பேசியே கதியென்று கிடக்கிறார்கள், பெற்றோரிடம் வாய் திறப்பதில்லை' என்று சென்ற வாரம் இப்பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் மலேசியாவில், பெஸ்தாரி ஜெயா என்ற ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். (2007-இல் பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) என் வேனில் வானொலியைப் போட்டால் பிள்ளைகள் அணைக்கச் சொல்வார்கள். அவர்கள் பேசுவது அவர்களுக்கே கேட்கவில்லையாம்.

அதே பிள்ளை வீட்டு வாசலில் இறங்கியதும் ஊமையாகிவிடுகிறது. காரணத்தை வேனில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கதவு திறந்ததும் முதல் கேள்வி, "டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்களா, எத்தனை மார்க்?" ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் எடுத்தார்கள், மறு ஆண்டே படிவம் மூன்றின் பிடி3 தேர்வும் போனது. இந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. அடுத்து, "சாப்பாட்ட மிச்சம் வச்சியா?" மூன்றாவது கேள்வி வருவதற்குள் பிள்ளை அறைக்குள் போய்விடும்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, மலாய்மொழியில் தேர்ச்சி போதாமல், இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்கு முன் ஒரு வருடம் படிக்கும் புகுமுக வகுப்புக்குப் போகும் பிள்ளைகளை நான் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பேன். கூடப் படித்த பலர் நேராகப் படிவம் ஒன்றுக்குப் போயிருப்பார்கள். அப்படி ஒரு பையன் முன் சீட்டில் வருவான் (ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ஒரு நாள், "அங்கிள், நாளைக்கு என்னை ஏத்த வராதீங்க" என்றான். ஏன் என்று கேட்டால் "சும்மா" என்று முடித்துவிடுவான். "வர வேணாமா?" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டினேன். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி, முந்த வழியில்லை. அதன் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் விஷயம் வந்தது. வகுப்பில் எழுந்து மலாய்ப் பாடம் வாசித்திருக்கிறான், உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

"ரொம்ப அவமானமாப் போச்சா?" என்றேன்.

"அவமானம் இல்ல அங்கிள், கோவம்" என்றான். கொஞ்ச தூரம் போனபின் மீதியையும் அவனாகவே சொன்னான். சிரித்த கூட்டத்தில், தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் இவன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவனும் இருந்திருக்கிறான். வலி அங்கேதான். மலாய்க்கு டியூஷன் வைத்தால் தீருகிற விஷயம் இல்லை.

வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லியிருக்கிறான். "இதுக்கெல்லாமா மூஞ்சத் தூக்கி வச்சிக்குவ? நாங்க பள்ளி விட்டு வந்து பால்மரக் காட்டுல மங்கு துடைச்சவங்க" என்று பதில் வந்திருக்கிறது. ரப்பர் பால் பிடிக்கும் மங்கைத் துடைத்த கஷ்டம் உண்மைதான், நானும் துடைத்தவன். ஆனால் பையன் யார் அதிகம் கஷ்டப்பட்டது என்று போட்டிக்கு வரவில்லையே.

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. இங்குள்ள பெரியவர்கள், 'தோட்டத்தில் இருந்தவரை மனம்விட்டுப் பேசினோம், தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்தபின் எல்லாம் போச்சு' என்பார்கள். எனக்குச் சந்தேகம்தான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் அழுதால் அடுத்த வீட்டில் கேட்கும், பொழுது சாய்வதற்குள் குழாயடியில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இப்போது குழாயடிக்குப் பதில் வாட்ஸ்அப். பிள்ளை சொன்னது இரவே மாமிக்கும் சித்திக்கும் போய்விட்டால் அது மறுபடி எதையாவது சொல்லுமா?

எனக்குத் தெரிந்த ஓர் ஆலோசக ஆசிரியர், கார்ல் ரோஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1957-இலேயே காதுகொடுத்துக் கேட்பதைப் பற்றி எழுதியதாகச் சொன்னார். அறிவுரை மட்டுமல்ல, பாராட்டும் தைரியம் சொல்வதும்கூடப் பேசுகிறவரின் வாயை அடைத்துவிடலாமாம். பேசுகிறவர் சொன்னதையும் அதிலுள்ள உணர்ச்சியையும் நம் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நம் ஆட்களுக்கு இது சிரமம். "கவலைப்படாதே, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி இருக்கும்.

உணர்வறிவு என்ற தலைப்பில் எங்கள் ஊர் மண்டபத்தில் ஒரு தன்முனைப்பு (மோட்டிவேஷன்) பேச்சு நடந்தது. இரண்டு மணி நேரம் பேச்சாளரே பேசினார், கேள்வி கேட்க நேரமில்லை. ஆனால் ஒன்று உருப்படியாகச் சொன்னார்: அடுத்தவர் மனநிலையைப் பார்க்குமுன் நம் மனநிலை என்ன என்று பார்க்க வேண்டும். ரவாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து வந்த அப்பாவுக்கு இது மிகவும் பொருந்தும். "எனக்கு இப்ப ரொம்ப அசதி, குளிச்சிட்டு வந்து கேக்குறேன்" என்று சொல்வது, கைப்பேசியைத் தடவிக்கொண்டே "ம்" போடுவதைவிட எவ்வளவோ மேல். சொன்னபடி வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். எதிரே உட்கார வைத்து விசாரணை நடத்தவும் வேண்டாம். காரில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது பேச்சு தானாக வரும். என் முன் சீட்டின் ரகசியமும் அதுதான்: என் கண் ரோட்டில் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் ரகசியம் கூடாது. சாக வேண்டும்போல இருக்கிறது என்று பிள்ளை சொன்னால், 'இதை நான் தனியாக வைத்துக்கொள்ள முடியாது' என்று அதனிடமே சொல்லிவிட்டு, உடனே ஆலோசகரிடமோ மருத்துவமனைக்கோ போக வேண்டும். பதின்ம வயதினரிடம் 2022-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பது தெரிந்தது. தற்கொலை முயற்சி இங்கே 2023 முதல் குற்றமல்ல, போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. 1970 முதல் செயல்படும் மனநல உதவி அமைப்பான கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ், தொலைபேசியில் 24 மணி நேரமும் கேட்கிறார்கள் (03-7627 2929). சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555-உம் உண்டு.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பேச்சாளரை அழைப்பதற்குப் பதில், ஆலோசக ஆசிரியரை வைத்துப் பெற்றோரை இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர் ஐந்து நிமிடம் அறிவுரை சொல்லாமல் கேட்கட்டும். எத்தனை பேரால் முடிகிறது என்று பார்ப்போம்.

என் பெயரைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். பெயரைப் போட்டால் எந்த வேன் என்று ஊருக்கே தெரிந்துவிடும், அப்புறம் முன் சீட்டில் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
பள்ளி வேன் ஓட்டுநர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்