பெட்டிக்குள் இல்லாத பலத்தைப் பெட்டியின் பலமாக விற்காதீர்கள்: எக்ஸ்பாக்ஸ் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் பிரிவில் விளம்பரத்துக்கும் தொழில்நுட்ப அறிவிப்புகளுக்கும் பொறுப்பானவர்களுக்கு,

வணக்கம். அடுத்த தலைமுறைக் கருவிகளுக்காகச் சிப் நிறுவனமான ஏஎம்டியுடன் பல ஆண்டு ஒப்பந்தம் செய்திருப்பதாக 2025 ஜூனில் அறிவித்தீர்கள். அப்படியென்றால் இன்னொரு அறிமுக விழா வரப்போகிறது. அந்த மேடையில் கிளவுட் பற்றி, அதாவது நெட் வழியாகத் தொலைதூர சர்வர்களின் பலத்தைப் பயன்படுத்துவது பற்றி, நிச்சயம் பேசுவீர்கள். பேசுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் உட்கார்ந்து பல வருடங்களாக கன்சோலில் கேம் ஆடும் ஒருவன், உங்கள் பழைய அறிவிப்புகளை மறக்காதவன் எழுதுகிறேன்.

2013 மே 21 அன்று ரெட்மண்டில் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிமுகப்படுத்தினீர்கள். 2002இல் 500 சர்வர்களோடு தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற ஆன்லைன் சேவை இப்போது 15,000 சர்வர்களில் ஓடுகிறது, இந்த ஆண்டே அது 3 லட்சத்தைத் தாண்டும் என்று உங்கள் நிர்வாகி மார்க் விட்டன் மேடையில் சொன்னார். அந்த 3 லட்சமும் தனித்தனி இயந்திரங்களா, ஒரே இயந்திரத்தைப் பிரித்து எண்ணிய மெய்நிகர் சர்வர்களா என்று மேடையில் யாரும் விளக்கவில்லை. அப்புறம் இன்னும் ஒரு படி மேலே போனீர்கள். ஒவ்வொரு எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும், மூன்று எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்குச் சமமான கணிப்புத் திறனும் சேமிப்பிடமும் கிளவுடில் ஒதுக்கப்படும் என்று உங்கள் ஆட்களே பத்திரிகையாளர்களிடம் சொன்னார்கள். இதைக் கேட்டவருக்கு என்ன புரியும்? ஒரு பெட்டி வாங்கினால் நாலு பெட்டியின் பலம் கிடைக்கும் என்றுதான் புரியும். அப்படிப் புரிந்துகொள்ள வேண்டாம் என்று நீங்கள் யாரையும் தடுக்கவில்லை.

இந்தப் பேச்சு எந்த நேரத்தில் வந்தது என்பதும் முக்கியம். சோனியின் பிளேஸ்டேஷன் 4இன் கிராபிக்ஸ் சிப் 1.84 டெராஃப்ளாப்ஸ் (ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால் செகண்டுக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள்), உங்களுடையது 1.31. விலையோ தலைகீழ்: அவர்கள் 399 டாலர் கேட்டார்கள், நீங்கள் கினெக்ட் கேமராவையும் சேர்த்து 499 டாலர் கேட்டீர்கள். கூடுதல் விலைக்குக் குறைந்த திறன் என்ற கேள்வி எழுந்தபோதெல்லாம் கிளவுட் என்ற பதில் தயாராக இருந்தது. நவம்பரில் இரண்டு கன்சோல்களும் கடைக்கு வந்தன. கால் ஆஃப் டூட்டி: கோஸ்ட்ஸ் என்ற கேம் பிளேஸ்டேஷன் 4இல் 1080பி, எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 720பி. அதாவது ஒரு பிரேமுக்கு, திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் படங்களில் ஒன்றுக்கு, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள் அங்கே, 9 லட்சத்துச் சொச்சம் இங்கே. பாட்டில்ஃபீல்ட் 4 அங்கே 900பி, இங்கே 720பி. மூன்று மடங்கு பலம் வானத்தில் காத்திருந்தது என்றால், பாதி பிக்சலைக்கூட மீட்டுக் கொடுக்க முடியாமல் அது என்ன செய்துகொண்டிருந்தது?

பதில் உங்கள் பொறியாளர்களுக்கு அன்றே தெரியும். செகண்டுக்கு 60 பிரேமில் ஓடும் கேமில் ஒரு பிரேமை வரைந்து முடிக்கக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிசெகண்ட். 30 பிரேம் என்றால் 33.3. ஒளியிழைக் கேபிளுக்குள் ஒளி ஒரு செகண்டில் ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சர்வர் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்ப 10 மில்லிசெகண்ட் கேபிளிலேயே கரைந்துவிடும். வீட்டு வைஃபை, ரவுட்டர், நடுவில் உள்ள இணைப்பகங்கள், சர்வர் கணக்குப் போட எடுக்கும் நேரம் எல்லாம் அதற்கு மேல். தாமதம் ஒரே சீராக இருந்தாலாவது அதற்கேற்ப கேமை எழுதிவிடலாம். வீட்டு நெட்டில் இந்த நொடி 30 மில்லிசெகண்ட், அடுத்த நொடி 120 என்று அது குதித்துக்கொண்டே இருக்கும். எப்போது வரும் என்று தெரியாத விடைக்காக ஒரு பிரேமை நிறுத்தி வைக்க முடியாது.

நேரத்தை விடுங்கள், அளவைப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் முதன்மை நினைவகத்திலிருந்து சிப்புக்கு செகண்டுக்கு 68 ஜிகாபைட் வேகத்தில் தரவு போகும். 50 எம்பிபிஎஸ் நெட் இணைப்பு முழு வேகத்தில் வேலை செய்தாலும் செகண்டுக்கு 6.25 மெகாபைட். பத்தாயிரம் மடங்குக்கும் அதிகமான இடைவெளி! கிராபிக்ஸ் சிப் ஒரு காட்சியை வரையும்போது நினைவகத்திலிருந்து ஓயாமல் எடுத்துக்கொண்டே இருக்கும். அந்த வேலையில் மூன்றில் ஒரு பங்கை வீட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டு விடையை வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். முழுக் காட்சியையும் சர்வரிலேயே வரைந்து வீடியோவாக அனுப்பலாம், அது வேறு வழி. அப்படிச் செய்தால் வீட்டில் இருக்கும் பெட்டியின் பலம் கூடவில்லை, பெட்டியே தேவையில்லை என்றாகிறது.

உங்கள் தரப்பில் மேட் பூட்டி அன்றே இதை ஓரளவு ஒழுங்காக விளக்கினார். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் வேலைகளும் இருக்கின்றன, பொறுக்காத வேலைகளும் இருக்கின்றன, முதல் வகையைத்தான் கிளவுடுக்கு அனுப்பலாம் என்றார். மாவை மில்லில் அரைத்து வாங்கி வரலாம், தோசையைத் திருப்பிப் போட வேறு ஊரிலிருந்து ஆள் வர முடியாது. ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 5 என்ற கார் ரேஸ் கேமில் வந்த டிரைவட்டார் அப்படிப்பட்ட மாவுதான். நான் எப்படி வண்டி ஓட்டுகிறேன் என்பதை சர்வர் சாவகாசமாகப் படித்துக்கொண்டு, அதே பாணியில் ஓட்டும் போட்டியாளரை என் நண்பரின் ரேஸுக்கு அனுப்பியது. அரை மணி நேரம் தாமதமானாலும் கெடுதல் இல்லை. நல்ல யோசனை, நானே ரசித்து ஆடினேன். 2014 மார்ச்சில் வந்த டைட்டன்ஃபால் கேமும் உங்கள் கிளவுட் சேவையான அஸூரின் சர்வர்களை ஒழுங்காகப் பயன்படுத்தியது. ஆடுபவர்களில் ஒருவரின் வீட்டு நெட்டை நம்பாமல் ஆட்டம் தனி சர்வரில் நடந்தது, கணினி இயக்கும் வீரர்களையும் சர்வரே பார்த்துக்கொண்டது. ஆனால் தனி சர்வர் என்பது பிசியில் ஆடுபவர்களுக்குப் பல வருடப் பழக்கம். அதோடு, அதே கேம் அடுத்த மாதமே பழைய எக்ஸ்பாக்ஸ் 360க்கும் வந்துவிட்டது. புதிய கன்சோலுக்கு மட்டும் வானத்திலிருந்து இறங்கிய தனிப் பலம் என்று அதை எப்படிச் சொல்வது?

கிராக்டவுன் 3 கேம் பற்றி நீங்கள் இன்னும் கொஞ்சம் மனம்விட்டுப் பேசியிருக்கலாம். 2014இல் அறிவித்தீர்கள். 2015 ஆகஸ்ட்டில் கேம்ஸ்காம் கண்காட்சியில் ஒரு நகரமே இடிந்து விழும் காட்சியைக் காட்டினீர்கள். எந்தக் கட்டடத்தின் இடிபாட்டை எந்த சர்வர் கணக்கிடுகிறது என்று நிறம் பிரித்தும் காட்டினீர்கள். பார்க்க அபாரமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். பிறகு தேதி தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. அந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கிய கிளவுட்ஜின் நிறுவனத்தை 2018 ஜனவரியில் எபிக் என்ற கேம் நிறுவனம் வாங்கிக்கொண்டது. கேம் கடைசியில் 2019 பிப்ரவரி 15 அன்று வந்தபோது, கிளவுட் இடிபாடு ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் ரெக்கிங் ஸோன் என்ற ஆன்லைன் பகுதிக்குள் மட்டும் இருந்தது. தனியாக ஆடும் கதைப் பகுதியில் கிடையாது. முழு இடிபாடு ஆன்லைனுக்கு மட்டும்தான் என்று 2015லேயே சொல்லிவிட்டீர்கள், அதை மறைக்கவில்லை. சரி. ஆனால் கன்சோலின் ஆயுட்காலம் முடியும் தறுவாயில், ஒரே ஒரு கேமின் ஒரு பகுதியில் வந்துசேர்ந்த ஒன்றை, முதல் நாளே எல்லாப் பெட்டிகளுக்கும் கிடைக்கும் பலம்போலப் பேசியது நியாயமா? எதிர்பார்த்தது ஏன் நடக்கவில்லை, சர்வர் செலவா, நெட்டா, கேம் நிறுவனங்களுக்கு ஆர்வம் இல்லையா என்று ஒரு பொறியாளரை உட்காரவைத்துப் பேசச் சொல்லியிருந்தால், அந்த அறிவு இந்தத் துறைக்கே பயன்பட்டிருக்கும்.

2013 ஜூன் 19ஐயும் நினைவூட்டுகிறேன். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நெட்டில் வந்து பதிய வேண்டும் என்ற விதியை அன்று கைவிட்டீர்கள். அதற்கு முன் பல வாரங்களாக, நெட்டில் இணைந்திருப்பதுதான் இந்தக் கன்சோலின் அடிப்படை என்று பேசிவந்தீர்கள். விதி போனபிறகு எந்த கேமின் தரம் குறைந்தது? ஒன்றும் குறையவில்லை. டிஜிட்டல் உரிமத்தைச் சரிபார்க்கத்தான் அந்த விதி தேவைப்பட்டது, கிளவுட் பலத்துக்காக அல்ல. உரிமக் கட்டுப்பாட்டையும் கணிப்புத் திறனையும் ஒரே மூட்டையில் கட்டிக் கொடுத்ததால்தான் மக்கள் இரண்டையும் சேர்த்துச் சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகத்துக்கு முன்கதையும் உண்டு. அதே ஆண்டு மார்ச்சில்தான் ஈஏ நிறுவனத்தின் சிம்சிட்டி கேம் வந்திருந்தது. முக்கியமான கணக்குகள் சர்வரில் நடப்பதால் ஆஃப்லைனில் ஆட முடியாது என்றார்கள். 2014 மார்ச்சில் அவர்களே ஆஃப்லைன் வசதியைக் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கத்து நிலைமைக்கு வருகிறேன். எக்ஸ்பாக்ஸ் ஒன் இந்தியாவில் 2014 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. புனே, சென்னை, மும்பையில் உங்கள் அஸூர் தரவு மையங்கள் திறந்தது 2015 செப்டம்பரில். இடைப்பட்ட ஒரு வருடம் இந்தியாவில் பெட்டி வாங்கியவருக்கு அந்த மூன்று மடங்கு பலம் எங்கே ஒதுக்கப்பட்டிருந்தது? சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளமே 3,200 கிலோமீட்டர். போய்த் திரும்ப 32 மில்லிசெகண்ட், அதாவது 60 பிரேம் கேமில் ஏறக்குறைய இரண்டு பிரேம் போய்விட்டது, சர்வர் இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை. அப்போது இந்தியாவில் 512 கேபிபிஎஸ் இருந்தாலே சட்டப்படி பிராட்பேண்ட். இந்த நிலைமையில் உள்ளவருக்கும் அமெரிக்காவில் தரவு மையத்துக்குப் பக்கத்தில் வசிப்பவருக்கும் ஒரே வாக்குறுதியைக் கொடுத்தீர்கள்.

2024 நவம்பரில் தொடங்கிய விளம்பரத்திலும் இதே தவறு. போன், லேப்டாப், டிவி என ஒவ்வொன்றையும் காட்டி இதுவும் ஓர் எக்ஸ்பாக்ஸ்தான் என்றீர்கள். கேமை சர்வரில் ஓட்டி வீடியோவாக அனுப்பும் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் சேவையே அப்போது இந்தியாவில் கிடையாது. ஒரு வருடம் கழித்து, 2025 நவம்பரில்தான் வந்தது. வந்தது நல்ல விஷயம், கன்சோல் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் பலர் அதில் ஆடுவார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் போன் எக்ஸ்பாக்ஸ் ஆவது சர்வர் இருக்கும்வரை மட்டுமே. இதே வகைச் சேவையான கூகுளின் ஸ்டேடியா 10.7 டெராஃப்ளாப்ஸ் என்று அறிவித்துக்கொண்டு 2019இல் வந்தது, 2023 ஜனவரி 18 அன்று மூடப்பட்டது. வாங்கிய கேம்களுக்கும் கருவிகளுக்கும் கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

கிளவுடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஃபிளைட் சிமுலேட்டர் அதற்குச் சாட்சி. 2020இல் வந்த அந்த கேம், 2 பெட்டாபைட்டுக்கும் (20 லட்சம் ஜிகாபைட்) அதிகமான பிங் வரைபடத் தரவை அஸூரிலிருந்து கொண்டுவந்து உலகத்தையே காட்டியது. எந்த வீட்டு வட்டிலும் அது அடங்காது. விமானம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்கிறது, அடுத்து வரும் நிலப்பரப்பை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளலாம், அதனால் தாமதம் தெரிவதில்லை. நெட் இல்லையென்றால் தெளிவு குறைந்த நிலப்பரப்புடன் ஆடலாம் என்பதையும் சொன்னீர்கள். கிளவுடை இப்படிப் பயன்படுத்தினால் நான் கைதட்டுவேன். ஆனால் அடுத்த பதிப்பு 2024 நவம்பர் 19 அன்று வந்தபோது முதல் நாளே சர்வர்கள் திணறின, ஏராளமானோர் லோடிங் திரையிலேயே மாட்டிக்கொண்டார்கள். 2 லட்சம் பேர் வருவதுபோலப் பாவித்துச் சோதித்தும் தரவுச் சேமிப்பு அடுக்கு தாங்கவில்லை என்று கேமின் தலைவரும் அதை உருவாக்கிய அசோபோ நிறுவனத்தாரும் வீடியோவில் வந்து விளக்கினார்கள். உங்களுடைய மிகச் சிறந்த உதாரணத்தின் நிலையே இது. அவர்கள் நேராக முகம் காட்டிப் பேசியதை மதிக்கிறேன். 2013 பற்றியும் அப்படி ஒருவர் பேசியிருக்கலாம்.

எனவே அடுத்த கன்சோலுக்காக நான் கேட்பது இதுதான். சர்வரின் திறனைப் பெட்டியின் திறனோடு கூட்டிச் சொல்லாதீர்கள். இரண்டும் தனித்தனி எண்களாக இருக்கட்டும். ஒரு கேமின் எந்தப் பகுதி உங்கள் சர்வரில் ஓடுகிறது, குறைந்தபட்சம் எந்த வருடம்வரை அந்த சர்வரை நிறுத்த மாட்டீர்கள் என்பதைக் கடைப் பக்கத்தில் விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், உரிம ஒப்பந்தத்தின் நாற்பதாவது பத்தியில் அல்ல. எந்த நாட்டில் விற்கிறீர்களோ அந்த நாட்டுக்கு அருகில் தரவு மையம் இல்லையென்றால், அந்த நாட்டு விளம்பரத்தில் கிளவுட் பலம் பற்றிப் பேசாதீர்கள்.

மேடையில் காட்சியை ஓடவிட்டுக்கொண்டே நெட் கேபிளைக் கழற்றிக் காட்டுங்கள். கேபிள் இல்லாமல் திரையில் என்ன மிஞ்சுகிறது என்பதை முன்பதிவு தொடங்குவதற்கு முன் நாங்கள் பார்த்தாக வேண்டும்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஓர் எக்ஸ்பாக்ஸ் வாடிக்கையாளர்