சீனக்குடாப் புல்தரையில் ஒரு மூலை போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாற்றுத்திறனாளிகளுக்குக் கோல்ப் ஆட்டம் சிகிச்சையாகப் பயன்படுவது பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்த நண்பர்கள், "பணக்காரர் விளையாட்டு நமக்கு எதற்கு?" என்று சிரித்தார்கள். இலங்கையில் விரல்விட்டு எண்ணக்கூடிய கோல்ப் மைதானங்களுள் ஒன்று நம் திருகோணமலையின் சீனக்குடாவில், 18 குழிகளோடு, விமானப்படையின் பராமரிப்பில் இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

இயன்மருத்துவப் பிரிவில் பல காலம் வேலை செய்தவன் நான். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவரிடம், "தளர்ந்த காலில் பாரத்தை ஊன்றுங்கள், இடுப்பைத் திருப்புங்கள்" என்று ஓயாமல் சொல்வோம். ஆஸ்பத்திரியில் செய்வார். வீட்டுக்குப் போனதும் சாய்மனைக் கதிரையோடு சரி. அலுப்பூட்டும் பயிற்சியை யார்தான் தொடர்வார்? அவர் கையில் ஒரு மட்டையைக் கொடுத்துப் பத்தடி தள்ளி ஒரு குழியைக் காட்டினால், பாரத்தை மாற்றுவதும் உடம்பைத் திருப்புவதும் ஆட்டத்தின் பாகமாகிவிடும். கிரிக்கெட்டிலும் கரப்பந்திலும் பந்து ஆளைத் தேடிப் பாய்ந்து வருகிறது. கோல்ப் பந்து அசையாமல் கிடக்கிறது. ஆடுபவர் கால்களை நிலைப்படுத்தி, தயாரான பிறகு அடிக்கலாம். குழியருகே பந்தை உருட்டிவிட ஒரு கை போதும். செயற்கைக் கால் அணிந்தவருக்கு மேடுபள்ளமான புல்லில் நடப்பதே நல்ல பயிற்சி. திறன் குறைந்தவருக்கு அடிகளைக் கழித்துக்கொடுக்கும் ஹேண்டிகேப் முறை இருப்பதால், தேர்ந்த ஆட்டக்காரரோடும் அவர் மெய்யாகவே மோதலாம். யாரும் இரங்கி விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

ஒரு காலத்தில் சீனக்குடாத் தளத்தை வைத்திருந்த பிரித்தானிய விமானப்படையைச் சேர்ந்த டக்ளஸ் பேடர், 1931ஆம் ஆண்டு விமான விபத்தில் இரு கால்களையும் இழந்த பின்னர் கோல்ப் ஆடப் பழகியவர். 2022இல் அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கென நடந்த முதலாவது தேசிய ஓபன் போட்டியில் ஆண்கள் பிரிவை வென்றவர், ஆட்டிசம் உள்ள தென்கொரியர் சைமன் லீ. 2023 முதல் கோல்ப் விதிநூலின் 25ஆம் விதியே மாற்றுத்திறனாளிகளுக்கானது. பார்வையற்றவர் குறிபார்க்க உதவியாளர் ஒருவரை வைத்துக்கொள்ள அது இடம் தருகிறது.

ஆனால் ஆளை நிமிர்த்தி நிறுத்தும் சக்கர நாற்காலிகளிலேயே தங்கள் கட்டுரையாளர் மயங்கிவிட்டார். மூதூரிலிருந்து மைதானத்துக்கு வர விரும்பும் ஒருவருக்கு முதல் தடை பஸ்ஸின் படிக்கட்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. படிக்கட்டின் உயரம் குறையவில்லை. இரண்டாவது தடையை நாம் வாய்விட்டுப் பேசுவதில்லை. மைதானம் இருப்பது படைத்தளத்தில். போரில் காலை இழந்த ஒரு குடிமகனுக்கு அந்த வாசலில் அடையாள அட்டையை நீட்டுவது இலேசான காரியமல்ல. அங்கம் இழந்த படைவீரரும் இவரும் சேர்ந்து ஆடி நல்லிணக்கம் வளர்ப்பார்கள் என்று யாராவது மேடை போட்டுப் பேசக்கூடும். அது அவர்கள் இருவரும் விரும்பினால் நடக்கட்டும். இப்போதைக்கு வாசல் திறந்தால் போதும்.

நான் கேட்பது 18 குழிகளையும் அல்ல. வாரத்தில் ஒரு காலை நேரம், பந்து உருட்டிப் பழகும் புல்தரை மட்டும், பழைய மட்டைகள் சில, சக்கர நாற்காலி ஏறக்கூடிய ஒரு வாகனம். மாகாண விளையாட்டுத் திணைக்களமும் விமானப்படையும் ஒரு மேசையில் அமர்ந்தால் முடிகிற விடயம் இது. அதுவரை நகரிலுள்ள ஏதாவது மண்டபத்தில் செயற்கைப் புல்விரிப்பு ஒன்றை விரித்துத் தொடங்கலாம். அதற்கு எவருடைய அனுமதிச் சீட்டும் தேவையில்லை. மாரி மழை ஓய்ந்ததும் தை பிற்பகுதியில் ஆரம்பித்தால், வெயில் ஏறுமுன் காலை வேளைகள் ஆடுவதற்கு இதமாக இருக்கும். பழக்கிவிட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்மருத்துவர்,
உப்புவெளி, திருகோணமலை.