ரிப்போர்ட்டிங் குழுவுக்குத் தலைவரைத் தேடும் நிர்வாகத்தினருக்கு

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும் தேர்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

எங்கள் குழுவுக்கு லீட் பிஐ அனலிஸ்ட் (நிறுவனத்தின் தரவை அலசி ரிப்போர்ட் தரும் குழுவின் தலைவர்) ஒருவரை எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டதும் மகிழ்ந்தோம். வேலை அறிவிப்பைப் படித்தபோதுதான் கவலை வந்தது. பவர் பிஐ, டேப்லோ, பைத்தான் என்று மென்பொருள், நிரல்மொழிகளின் பட்டியல் நீள்கிறது. குழுவை நடத்துவது பற்றிக் கடைசியில் ஒரே வரி.

தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். இரண்டு அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் ஒன்று தவறாகி, அதனால் வரிசைகள் இரட்டிப்பாகி விற்பனைத் தொகை ஊதிப்போயிருந்தால், நாங்கள் எழுதிய குவெரியை (தரவு கேட்கும் கட்டளையை)ப் படித்தே அதைப் பிடிக்கத் தெரிந்தவர்தான் வேண்டும். ஆனால் டேஷ்போர்டு (எண்களை வரைபடங்களாக ஒரே திரையில் காட்டும் பக்கம்) செய்யும் மென்பொருள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது பழக்கத்தில் வந்துவிடும். அதற்காக நல்ல ஆளைக் கழித்துவிடாதீர்கள்.

எங்களை வதைப்பது வேறு. விற்பனைப் பிரிவு சொல்லும் வருவாயும் நிதிப் பிரிவு சொல்லும் வருவாயும் மாதக் கடைசியில் ஒத்துப்போவதே இல்லை. ஒருவர் ஆர்டர் வந்த தேதியில் கணக்கு வைக்கிறார். மற்றவர் பில் போட்ட தேதியில், திரும்பி வந்த சரக்கையும் கழித்துவிட்டு. இரண்டுமே தப்பில்லை. ஆனால் எந்த ரிப்போர்ட்டில் எந்தக் கணக்கு என்று தீர்மானித்து, எழுதிவைத்து, இரு பிரிவுத் தலைவர்களையும் ஒப்புக்கொள்ள வைக்க யாரும் இல்லை. அனலிஸ்டுகள்தான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பதில் சொல்கிறோம்.

ஆகவே நேர்காணலில் டேஷ்போர்டு செய்யச் சொல்லாதீர்கள். இப்படி முரண்படும் இரண்டு ரிப்போர்ட்டுகளைக் கொடுத்து, முதலில் யாரிடம் என்ன கேட்பீர்கள் என்று கேளுங்கள். உடனே எண்களைத் திருத்த உட்காருபவர் எங்களுக்கு வேண்டாம்.

சரிபார்ப்பில் பிடிவாதம் உள்ளவராகவும் இருக்க வேண்டும். 2020 அக்டோபரில், இங்கிலாந்தின் தினசரி எண்ணிக்கையில் 15,841 கொரோனா தொற்றுகள் விடுபட்டது தெரியவந்தது. காரணம், தரவை ஏற்றிய பழைய எக்செல் வடிவக் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏறாது. மீதி சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. மூலத்தில் எத்தனை வரிசை, இங்கே எத்தனை வந்தது என்று தினமும் ஒப்பிட்டிருந்தால் அன்றே பிடித்திருக்கலாம்.

அப்புறம், 'முடியாது' என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும். எல்லாக் கோரிக்கையும் அவசரம் என்றே வருகிறது. யாரும் திறந்துகூடப் பார்க்காத ரிப்போர்ட்டுகளைப் புதுப்பிக்கவே குழுவின் பாதி உழைப்பு போகிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்க நேரமே கிடைப்பதில்லை. கற்றுக்கொள்ள வந்தவர்கள் சலித்துப்போய் விலகுகிறார்கள். ஆனால் வருபவர் ஒரு கோரிக்கையை மறுத்ததும் கேட்டவர் நேராக உங்களிடம் வருவார். அப்போது நீங்கள் மறுத்தவர் பக்கம் நிற்காவிட்டால், யாரை எடுத்தாலும் பயனில்லை.

கடைசிச் சுற்று நேர்காணலில் எங்கள் குழுவிலிருந்தும் இருவரை உட்கார வையுங்கள். வருபவரோடு தினமும் வேலை பார்க்கப்போவது நாங்கள்தான்.

இப்படிக்கு,
ரிப்போர்ட்டிங் குழுவிலிருந்து ஓர் அனலிஸ்ட்