தோட்டத்தில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டாயே

உ
சிவமயம்

கானாடுகாத்தான்,
மார்கழி.

அன்பு மகன் தம்பிக்கு,

அப்பச்சி எழுதிக்கொண்டது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீ, மருமகள், பேத்தி எல்லோரும் நலமாயிருக்கப் பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் துணை.

போன வாரம் போனில் இரண்டு விஷயம் சொன்னாய். "இந்த வயசுல எதுக்கப்பச்சி மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு? ஒரு ஆளைப் போட்டுடலாமே. அந்தத் தோட்டத்துல என்னதான் மிஞ்சுது?" என்றாய். இன்னொன்று பேச்சோடு பேச்சாக வந்தது. "காலையில எந்திரிச்சா அதே லேப்டாப்பு, அதே மீட்டிங்கு, எதுக்கு ஓடுறோம்னே தெரியல" என்றாய். அப்புறம் பேத்தி போனைப் பிடுங்கிக்கொண்டாள், பேச்சு மாறிவிட்டது. முதல் கேள்வியைவிட இரண்டாவதுதான் எனக்கு மனசில் கிடக்கிறது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், நம் வீட்டு வழக்கம் அதுதானே. நோட்டுப் போட்டு எழுதித்தான் வருகிறேன். தீவனம், மோட்டார் ரிப்பேர், வேலிக் கம்பி, கூலி எல்லாம் ஒரு பக்கம். முட்டை, காய், தேங்காய் ஒரு பக்கம். பற்றுதான் அதிகம், வரவு குறைவு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் அது உழுது பிழைக்கிறவனின் வேதனையிலிருந்து வந்த சொல். எனக்குப் பென்ஷன் வருகிறது, என் சோற்றுக்கு இந்த நிலம் பொறுப்பில்லை. அந்த வித்தியாசத்தை நான் ஒருநாளும் மறப்பதில்லை. பக்கத்து வயலில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர் முன்னால் 'நானும் விவசாயி' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆள் போடாமலும் இல்லை. தேங்காய் பறிக்க, உழவு ஓட்ட, சீமைக்கருவேலம் வெட்ட எல்லாவற்றுக்கும் ஆள் வருகிறது. அன்றாடம் செய்கிற சின்ன வேலைகளை மட்டும்தான் நான் யாரிடமும் கொடுப்பதில்லை. கோழியைத் திறந்துவிடுவது, ஆட்டுக்கொட்டடியைக் கூட்டுவது, தண்ணீர் காட்டுவது, செடியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவது. அவ்வளவுதான்.

இப்போது ஒரு சிறுவிடை நாட்டுக்கோழி அடையில் இருக்கிறது. அம்மா அகலமான சட்டியில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, இடிக்கு முட்டை கூமுட்டையாகக் கூடாது என்று ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வைத்திருக்கிறாள். அந்தக் கோழி ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் இறங்குகிறது. இறங்கி, அவசர அவசரமாகக் கம்பு கொத்தி, தண்ணீர் குடித்து, மண்ணில் ஒரு புரளல் புரண்டுவிட்டு, முட்டை ஆறுவதற்குள் திரும்பிவிடும். அது இறங்குகிற நேரத்துக்குத் தீவனமும் தண்ணீரும் தயாராக இருக்க வேண்டும், மற்ற கோழிகள் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் வேலை அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதன் வேலை. அலகால் ஒவ்வொரு முட்டையாகப் புரட்டி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்குக் கொண்டுவரும். ஏழாம் நாள் ராத்திரி இருட்டில் டார்ச் அடித்து முட்டைகளைப் பார்த்தேன். கரு பிடித்த முட்டைக்குள் சிவப்பு நூல் நூலாக நரம்பு ஓடியிருந்தது. ஒன்றில் மட்டும் ஒன்றுமில்லை, வெறும் வெளிச்சம். அதை எடுத்துவிட்டோம்.

21 நாள். திருக்கார்த்திகையிலிருந்து பிள்ளையார் நோன்புக்கு நாம் நாள் எண்ணுவது போலத்தான் இதற்கும் அம்மா எண்ணிக்கொண்டிருக்கிறாள். இந்த வருஷம் நோன்பன்று இழை எடுத்துக்கொள்ளும்போது, அதாவது மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும்போது, நீயும் பேத்தியும் பக்கத்தில் இல்லை. அங்கே நம் நகரத்தார் சமூகத்தார் எல்லாரும் கூடி எடுத்துக்கொண்டீர்கள் என்று மருமகள் சொன்னாள், சந்தோஷம்.

கோழியை விட்டால் இப்போது அவரைப் பந்தல்தான். ஆடியில் போட்ட விதை இந்தப் பனிக்குப் பூத்துத் தள்ளுகிறது. பனியும் மேகமூட்டமும் சேர்ந்தால் அசுவினிப் பூச்சி வந்துவிடும். கொழுந்திலும் பூக்காம்பிலும் கறுப்பாக அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். பூச்சியைக் கண்டுபிடிக்கிற வழி பூச்சியைத் தேடுவதில்லை, எறும்பைப் பார்ப்பதுதான். அசுவினி கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்பு வரிசை கட்டி ஏறும். பந்தல் காலில் எறும்பு ஏறுகிறதென்றால் மேலே ஏதோ ஒரு கொழுந்தில் அது ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அன்றே பார்த்துவிட்டால் அந்தக் கொழுந்தைக் கிள்ளிப் போட்டு, பனி காய்வதற்குள் அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவினால் போதும். ஈரத்தில் சாம்பல் ஒட்டிக்கொள்ளும். நாலு நாள் போகவில்லையென்றால் பந்தல் முழுக்கப் பிசுபிசுத்துப் போகும். அப்புறம் மருந்துக் கடைக்குத்தான் ஓட வேண்டும்.

கோடையில் இன்னொரு பாடம். சாயங்காலம் மூன்று மணிக்குக் கத்தரி இலை தொங்கிப்போயிருந்தால் பதறி ஓடித் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது வெயிலுக்குச் செடி தன்னைச் சுருக்கிக்கொள்வது. விடிகாலையிலும் அதே இலை தொங்கிக் கிடந்தால்தான் வேரில் ஈரமில்லை என்று பொருள். நம் மண்ணைத்தான் உனக்குத் தெரியுமே, மேலே செம்மண், கொஞ்சம் தோண்டினால் செம்பாறை. ஈரம் நிற்காது. இலை சருகு, கடலைத்தொலி எல்லாம் போட்டு மூடாக்கு வைத்த பிறகுதான் கொஞ்சம் தாங்குகிறது. 'ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்' என்பார்கள். அது இந்த இரண்டு ஆடுகளின் புழுக்கையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எரு போட்ட பாத்தியில் அந்தப் பட்டத்திலேயே செடி கறுகறுவென்று நின்றது.

நம் பாட்டனார்களான ஐயாக்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். என் ஐயா பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் எடுபிடியாக, கப்பலேறிப் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். அங்கே நாம் கடன் கொடுத்தது பெரும்பாலும் நெல் விளைவிக்கிறவர்களுக்கு. 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நகரத்தாராகிய நம் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்குதான். உலகமெங்கும் மந்தம் வந்து நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலமெல்லாம் நம்மவர்கள் பேருக்கு வந்தது. 1938-ல் அது 25 பங்கு! நாலில் ஒரு பங்கு நிலம், தம்பி. அதில் இறங்கி ஒரு நாற்று நட்ட செட்டியார் யாரையாவது நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? ஏட்டில் இருந்தது, பெட்டகத்தில் பத்திரமாக இருந்தது. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் வந்தபோது போட்டது போட்டபடி காடும் மலையுமாக நடந்து வந்தார்கள். பிற்பாடு நிலத்தைப் பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நம்மவர்கள் பட்ட கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நிலத்தை இழந்த அந்தக் குடியானவர்கள் பட்டதையும் சேர்த்தே நினைக்கிறேன். அவ்வளவு நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்துவிட்டு, எறும்பு ஏறினால் என்ன அர்த்தம் என்பதை அறுபது வயசுக்கு மேல் ஒன்றரை ஏக்கரில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

ஊரைச் சுற்றிப் பார். அந்தப் பணத்தில் கட்டிய வீடுகள் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன! பர்மாத் தேக்கு, இத்தாலி மார்பிள், முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த சுண்ணாம்புச் சுவர், எல்லாம் நூறு வருஷம் தாங்கும். தாங்காதது ஒன்றுதான், ஓர் ஓடு விலகுவது. குரங்கு ஏறி ஓடுகளை நகர்த்திவிடும். ஐப்பசி மழை அந்த இடுக்கில் சொட்டும். யாராவது வீட்டில் இருந்தால் அன்றே சட்டியை வைத்து, மறுநாள் ஆளைக் கூப்பிட்டு விலகிய ஓடுகளைப் பழையபடி தள்ளிவிடுவார்கள். கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற வீட்டில் அதை யார் பார்க்கிறார்கள்? தேக்கு உத்தரம் உள்ளுக்குள் இற்றுப்போகும். பணமில்லாமல் விழுந்த வீடு நம் ஊரில் குறைவு. பார்க்க ஆளில்லாமல் விழுந்ததுதான் அதிகம். அதனால்தான் அம்மா தினமும் வளவை, நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தை, கூட்டுவதை வேலைக்காரியிடம் விடுவதில்லை. கூட்டும்போது தலையைத் தூக்கி மேலே பார்க்கிறாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நான் ரிட்டையரான புதிதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உடம்பு நன்றாக இருந்தது, பேப்பர் இருந்தது, டிவி இருந்தது. ஆனால் நான் எழுந்தாலும் எழாவிட்டாலும் அன்றைக்கு எதுவும் மாறப்போவதில்லை என்பது காலையில் கண் விழித்ததும் நெஞ்சில் வந்து உட்காரும். நீ சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானே? நீ நாள் முழுக்க உழைக்கிறாய், ஆனால் இன்னாருக்காக, இதற்காக என்று கண்ணால் பார்க்க முடிவதில்லை. இங்கே எனக்கு அது கண் முன்னால் இருக்கிறது. கூட்டைத் திறக்க நேரமானால் கோழிகள் உள்ளே முட்டி மோதுகிற சத்தம் கூடத்துப் பட்டாலை வரை கேட்கும். ஆடு நான் வருகிற திசையைப் பார்த்துக் கத்தும்.

இதில் எந்த வேலையும் முடிவதில்லை. இன்று கூட்டினால் நாளைக்கும் புழுக்கை கிடக்கும், இன்று களை பிடுங்கினால் மழை விட்டதும் கோரை மறுபடி முளைக்கும். ஆபீஸில் முடியாத ஃபைலைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். இது அப்படி இல்லை. நாளைக்கும் என்னைக் கூப்பிடும் என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. முழங்கால் வலிப்பது உண்மைதான். அதற்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறேன், டாக்டரும் நடக்கத்தான் சொல்கிறார்.

வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வா என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. உனக்குக் குடும்பம் இருக்கிறது, கடன் இருக்கிறது, அங்கே நல்ல பெயர் எடுத்திருக்கிறாய். உங்கள் பால்கனியில் காலை வெயில் வருகிறது என்று மருமகள் சொன்னாள். ஒரு தொட்டியில் மண் போட்டு, அடுக்களை டப்பாவில் இருக்கிற வெந்தயத்தை ஒரு கைப்பிடி ராத்திரி ஊறவைத்துத் தூவு. நாலைந்து நாளில் முளைத்துவிடும். தண்ணீர் ஊற்றுகிற வேலையைப் பேத்தியிடம் கொடுத்துவிடாதே. அவள் பக்கத்தில் நிற்கட்டும், நீ ஊற்று. லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் ஊற்று.

ஜூன் லீவுக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டதும் சொல். ஆடிப்பட்டத்துக்கு முன்னால் மண்ணைக் கொத்தி எரு போடுகிற நேரம் அது. உனக்கும் சேர்த்து ஒரு மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டு வைக்கிறேன். வேலியோரம் முள் அதிகம், பேத்திக்கு நல்ல கெட்டியான ஷூவாக வாங்கி வா. கோசமல்லிக்குக் கத்தரிக்காய் அவள் கையாலேயே பறிக்கட்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பச்சி